யாருக்குப் பயிற்சி?

தொண்டு நிறுவனங்களைப் பற்றி நம்மிடையே இரண்டு விதமான பேச்சு உண்டு. ஒன்று மேடைப் பேச்சு: 'போராட்டத்தை மழுங்கடிக்க வந்தவர்கள், வெளிநாட்டுக் காசு.' இன்னொன்று, மேடையை விட்டு இறங்கியபின் டீக்கடையில் நடப்பது: 'அண்ணே, அந்த நிறுவனத்துல ஆள் எடுக்கறாங்களாமே, தங்கச்சிக்குச் சொல்லி வைங்களேன்.' இரண்டையும் நான் பேசியிருக்கிறேன். இப்போது எழுதப் போவது இரண்டிலும் சேராது. ஒரு நிறுவனத்தின் நிர்வாகக் குழுவில் ஆறு வருஷம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உட்கார்ந்திருந்தேன் என்பதுதான் சரியான சொல். வேறு எதுவும் செய்யவில்லை.

1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஒரு சங்கம் பதிய ஏழு பேர் வேண்டும். இந்த ஏழு பேர் எங்கிருந்து வருகிறார்கள்? டைரக்டர், அவர் மனைவி, மச்சான், கூடப் படித்த நண்பர், ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியர், தெரிந்த வக்கீல். கூட்டம் நடக்காது, தீர்மானப் புத்தகம் மட்டும் வீடு வீடாகச் சுற்றி வரும். பிறகு ஒருநாள் நிதி கொடுக்கிறவர்கள் வந்து, 'உங்கள் போர்டில் மக்கள் யாரும் இல்லையா, பெண்கள் இல்லையா' என்று கேட்பார்கள். அன்றைக்குத்தான் சேரிக்குள் ஆள் தேடுவார்கள்.

அப்படித் தேடிப் பிடிக்கப்பட்டவர்கள்தான் எங்கள் தெருப் பெரியம்மாவும் நானும். நான் எம்.ஏ. படித்தவன், நாலு கூட்டத்தில் பேசியவன். பெரியம்மா நடவுக்குப் போகிறவர். அறிவொளி இயக்கம் வந்தபோது கையெழுத்துப் போடப் படித்தார், எழுத்துக் கூட்டி வாசிப்பார். மகளிர் குழுவில் ஊக்குநராக இருந்தார். 1989இல் தர்மபுரியில் அரசு தொடங்கிய மகளிர் குழுத் திட்டம் பிறகு எல்லா மாவட்டத்துக்கும் பரவியபோது எங்கள் காலனிக்கும் வந்து சேர்ந்த குழு அது. இருபது பேர் சேமிப்பை ஒரு பைசா பிசகாமல் மனசில் வைத்திருப்பார். நோட்டில் எழுதுவது அவருக்கு அப்புறம்தான்.

டைரக்டர் சாதி இந்து இல்லை. பக்கத்துக் காலனிப் பையன், அவர்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. சின்ன வயதில் பெரியம்மா அவரை 'டேய்' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். போர்டு கூட்டத்தில் 'சார்' என்றார். யாரும் சொல்லித் தரவில்லை, நாற்காலி, மேஜை, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் பார்த்ததும் தானாகவே வந்தது.

2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கம் நிறையப் பணம் வந்தது. வலையும் படகும் போனவர்களுக்குக் கணக்கு இருந்தது, கரையோரம் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த சேரி மக்களின் இழப்புக்குப் பல இடங்களில் கணக்கே இல்லை. அந்தக் குறையைச் சரிசெய்யத்தான் எங்கள் நிறுவனம் சில காலனிகளில் கழிப்பறை கட்டும் திட்டத்தை எடுத்தது. நல்ல வேலைதான், மறுக்க மாட்டேன். வீட்டுக்கு 500 ரூபாய் பயனாளி பங்கு. எங்கள் தெருவில் 64 வீடு. பெரியம்மாதான் வீடு வீடாகப் போய் வசூலித்தார். 32,000 ரூபாய்.

மறு வருஷக் கூட்டத்தில் ஆடிட்டர் கணக்கு மேஜைக்கு வந்தது. முழுக்க இங்கிலீஷ். டைரக்டர் தமிழில் சுருக்கிச் சொன்னார். நாங்கள் தலையாட்டினோம். பெரியம்மா மட்டும் கேட்டார்: "சார், எங்க தெருவுல வாங்கின முப்பத்திரண்டாயிரம் இதுல எந்தப் பக்கத்துல இருக்குது?"

அறை அமைதியானது. டைரக்டர் சிரித்தார். கோபமான சிரிப்பு இல்லை, வாத்தியார் சிரிப்பு. "பெரியம்மா, அதெல்லாம் வேற ஹெட்ல வரும். உங்களுக்கு ஒரு டிரெயினிங் குடுத்துட்டா சரியாப் போயிடும்" என்றார். மினிட்ஸில் கேள்வி பதிவாகவில்லை. 'நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்குத் திறன் வளர்ப்புப் பயிற்சி அளிக்கத் தீர்மானிக்கப்பட்டது' என்று பதிவானது.

தோழர்களே, இந்த ஒரு வரியைத்தான் இத்தனை வருஷமாக நான் மென்றுகொண்டிருக்கிறேன். ஒரு கேள்வி எப்படி ஒரு குறைபாடாக மாறியது? அவர் கேட்டது பணத்தைப் பற்றி. பதில் கிடைத்ததோ அவரைப் பற்றி. மண்டல் காலத்திலிருந்து நாம் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன சொல் 'தகுதி, திறமை'. 'திறன் வளர்ப்பு' அதற்குச் சலவை செய்து இஸ்திரி போட்ட சட்டை. முதலாவது 'உனக்குத் தகுதி இல்லை, வெளியே போ' என்கிறது. இரண்டாவது 'உனக்குத் தகுதி இல்லை, உள்ளே வா, நாங்கள் உண்டாக்கித் தருகிறோம்' என்கிறது. குறை யாரிடம் என்பதில் இரண்டுக்கும் ஒரே கருத்துத்தான்.

பயிற்சி பாண்டிச்சேரியில் ஒரு ஓட்டலில் நடந்தது. மூன்று நாள். பணம் நிதி நிறுவனத்துடையது. நானும் பெரியம்மாவும் போனோம். ஏசி குளிரில் பெரியம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடவு சீசன் அது, மூன்று நாள் கூலி போச்சு. ஓட்டல் அறைக்குப் பணம் இருந்தது, சாப்பாட்டுக்கு இருந்தது, ஃபைலுக்கும் பேனாவுக்கும் இருந்தது. அவருடைய கூலிக்கு மட்டும் பட்ஜெட்டில் இடம் இல்லை. போர்டு மெம்பர் என்பது கவுரவப் பதவியாம், ஊதியம் வாங்கக் கூடாதாம். சம்பளத்தோடு லீவு போட்டு வந்திருந்த பேராசிரியருக்கு அது கவுரவம். பெரியம்மாவுக்கு அது பட்டினி.

பயிற்சியாளர் நல்ல மனிதர். போர்டின் வேலை கொள்கை வகுப்பது, திசை காட்டுவது, மேற்பார்வை பார்ப்பது. அன்றாட நிர்வாகம் டைரக்டரின் வேலை, அதில் போர்டு தலையிடக் கூடாது. இதை ஒரு ஆங்கில வாசகமாகச் சொல்லி, 'மூக்கு உள்ளே இருக்கலாம், விரல் உள்ளே போகக் கூடாது' என்று தமிழாக்கியும் காட்டினார். "எங்க ஊர்ல மூக்க நுழைச்சாலே ஒதைப்பாங்க" என்று பெரியம்மா என் காதில் சொன்னார். திரும்பி வரும் பஸ்ஸில், "கேக்கக் கூடாதுன்னு சொல்றதுக்கா தம்பி மூணு நாளு?" என்று கேட்டார்.

அந்தப் பாடம் அபத்தம் என்று சொல்லவில்லை. டைரக்டருக்கு மேல் ஏழு எஜமானர்கள் இருந்தால் வேலை நடக்காது. ஆனால் அது யார் கையில் விழுகிறது என்பதைப் பொறுத்து அதன் அர்த்தம் தலைகீழாகிறது. பணமும் செல்வாக்கும் உள்ளவர்கள் போர்டில் இருந்து, ஊழியரை ஆட்டிப்படைக்கும் இடத்தில் அது ஊழியருக்குக் கவசம். இங்கே, வாழ்நாளெல்லாம் 'தலையிடாதே' என்று மட்டுமே கேட்ட ஒருத்தரிடம் அதையே பாடமாகச் சொன்னோம்.

பயிற்சியே வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்ள வேண்டாம். 1892இல் அரசாணை போட்டு நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் எப்படிக் கைமாறியது? வாசிக்கத் தெரியாத காகிதத்தில் வைத்த கைநாட்டுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. கணக்கு வாசிக்கத் தெரிவது நமக்கு அலங்காரம் இல்லை. பாண்டிச்சேரியில் மூன்றாம் நாள் மதியம் வரவு செலவு அறிக்கை வாசிப்பது பற்றி ஒன்றரை மணி நேரம் நடந்தது. எந்த வழியில் வந்த காசும் வரவில் காட்டப்பட வேண்டும் என்றார் பயிற்சியாளர். அந்த ஒரு வாக்கியத்தைப் பெரியம்மா முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார்.

இங்கே கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டியிருக்கிறது. போர்டில் யார் உட்காருவது என்ற சண்டை நமக்குப் புதிது இல்லை. பூனா ஒப்பந்தம் முடிந்த கையோடு, 1932 செப்டம்பர் கடைசியில் தீண்டாமை ஒழிப்புக்கு என ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதுதான் பிறகு ஹரிஜன சேவக சங்கம் ஆனது. ஜி.டி.பிர்லா தலைவர், ஏ.வி.தக்கர் செயலாளர். முதல் மையக் குழுவில் அம்பேத்கர், எம்.சி.ராஜா, இரட்டைமலை சீனிவாசன் பெயர்களும் இருந்தன. லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்குப் போகும் வழியில், நவம்பர் 14இல் கப்பலில் இருந்தே அம்பேத்கர் தக்கருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். கிணறு, பள்ளி, தெரு ஆகியவற்றில் குடியுரிமைக்கான நேரடி இயக்கம் வேண்டும், வேலை வாய்ப்பில் சமத்துவம் வேண்டும், சங்கத்தின் ஊழியர்கள் பெரும்பாலும் தீண்டப்படாதவர்களிலிருந்தே வர வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. கடிதம் கிடைத்தது என்றுகூடப் பதில் வரவில்லை என 1945இல் வெளியான தன் நூலில் எழுதுகிறார். சீக்கிரமே அவர் அந்தக் குழுவில் இல்லை.

குழுவில் எங்களுக்கு இடம் வேண்டும் என்று தீண்டப்படாதவர்கள் காந்தியிடம் போய்க் கேட்டபோது அவர் சொன்ன காரணத்தை நாம் வழக்கமாகத் திட்டிவிட்டுக் கடந்துவிடுகிறோம். நின்று பார்க்க வேண்டிய காரணம் அது. தீண்டாமை சாதி இந்துக்கள் செய்த பாவம், இந்தச் சங்கம் அவர்களின் பிராயச்சித்தம், அவர்கள் கடன்காரர்கள், நீங்கள் கடன் கொடுத்தவர்கள், கடனைத் தீர்க்கும் உழைப்பு கடன்காரனுடையது, உங்களுக்கு எதற்கு அந்தப் பாரம் என்பது அவர் வாதம். வேண்டுமானால் ஆலோசனைக் குழு வைத்துக்கொண்டு யோசனை சொல்லலாம் என்றார்.

இதில் ஒரு நியாயம் இருக்கிறது. பாவம் செய்தவன் வேர்வை சிந்தட்டும், பாதிக்கப்பட்டவனே ஏன் திருத்தும் வேலையையும் சுமக்க வேண்டும்? ஆனால் கடன்காரன் என்ற உவமையை எடுத்தால் அதைக் கடைசி வரை கொண்டுபோக வேண்டும். எவ்வளவு கடன், எந்தத் தேதிக்குள், தானியமாகவா காசாகவா என்பதைக் கடன்காரனே முடிவு செய்வதை எந்தச் சந்தையில் பார்த்திருக்கிறோம்? கடன் நோட்டு கொடுத்தவன் கையில் இருக்கும். நோட்டையும் வாங்கி வைத்துக்கொண்டு 'நான் உனக்குக் கடன்பட்டவன்' என்று சொல்கிறவன் கடன்காரன் இல்லை, தர்மகர்த்தா. நிதி கொடுப்பவர்களுக்கும் எங்களுக்கும் இடையில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். ஆலோசனைக் குழுவுக்குப் பதில் போர்டில் இரண்டு நாற்காலி, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதற்கு எதிராக அம்பேத்கர் 'எங்கள் ஆட்கள் மட்டும்' என்று கதவைச் சாத்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1924 ஜூலையில் பம்பாயில் அவர் தொடங்கிய பஹிஷ்கிருத ஹிதகாரிணி சபைக்குத் தலைவர் சர் சிமன்லால் செடல்வாட். துணைத் தலைவர்களில் வெளியார் பலர். ஆனால் மேலாண்மைக் குழுவின் தலைவர் அம்பேத்கர். பெயர்ப்பலகையில் யார் வேண்டுமானாலும் இருக்கலாம், நோட்டும் சாவியும் யாரிடம் என்பதே கேள்வி.

சரி, நோட்டும் சாவியும் நம்மிடம் வந்துவிட்டால் போதுமா? இங்கேதான் என் வாய் கசக்கிறது. எங்கள் டைரக்டர் நம்ம ஆள். காந்தியைக் கேட்ட கேள்வியை அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. 'நம்ம பையன் ஒருத்தன் தலையெடுத்திருக்கான், நாமே கவுத்துடக் கூடாது' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பொய் இல்லை. நம் நிறுவனம் ஒன்றில் ஓட்டை என்று தெரிந்தால் ஊர்க்காரர்கள் எப்படிச் சிரிப்பார்கள் என்று நமக்குத் தெரியும். அவர்கள் நிறுவனத்தில் தவறு நடந்தால் அது ஒரு ஆளின் தவறு. நம்மிடம் நடந்தால் அது சாதியின் தவறு. ஆனால் அந்தப் பயத்துக்கு விலை கொடுத்தது யார்? 64 வீடு.

அவர் அந்தப் பணத்தைத் தின்றார் என்று இப்போதும் நான் நம்பவில்லை. வெளிநாட்டுத் தவணை நாலு மாதம் தாமதமாக வந்தது, ஊழியருக்குச் சம்பளம் போட வேண்டியிருந்தது, அதில் போயிருக்கும். அதைச் சொல்லியிருந்தால் பெரியம்மா புரிந்துகொண்டிருப்பார். குழுக் கடனை ஒருத்தி கல்யாணத்துக்கு வாங்கி ஆஸ்பத்திரிக்குச் செலவழித்ததை எத்தனையோ முறை அவர் சமாளித்திருக்கிறார். சொல்ல வேண்டிய இடமாக அவரை யாரும் நினைக்கவில்லை. ஃபண்டருக்கு அறிக்கை போனது, ஆடிட்டருக்கு வவுச்சர் போனது, பதிவாளர் அலுவலகத்துக்குப் படிவம் போனது. எல்லாப் பதிலும் மேலே போகிறது. கீழே வருவது பயிற்சி.

எங்கள் காலனியில் மாரியம்மன் கூழ் ஊற்றும் திருவிழா முடிந்த மறுவாரம் கோயில் வாசலில் கணக்கு வாசிப்பார்கள். வீட்டுக்கு வரி எவ்வளவு, பம்பைக்காரருக்கு எவ்வளவு, மைக்செட்டுக்கு எவ்வளவு. பத்து ரூபாய் இடித்தால் பாதி ராத்திரி வரை சண்டை நடக்கும். அந்த இடத்திலும் பெண்கள் தள்ளித்தான் நின்றார்கள், அதை மறைக்கவில்லை. ஆனால் அந்தச் சண்டைக்கு யாரும் பயிற்சி எடுத்துவிட்டு வரவில்லை. கணக்கு அவர்கள் பேசும் பாஷையில், அவர்களுக்குக் கேட்கும் சத்தத்தில் வாசிக்கப்பட்டது, அது போதுமாக இருந்தது.

ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் செய்ததும் இதுதான். 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்தின் கோட் கிரானா கிராமத்தில் முதல் மக்கள் விசாரணை நடந்தது. அரசு வேலைகளின் கூலிப் பட்டியலை எடுத்து ஜனங்கள் நடுவே உரக்க வாசித்தார்கள். 'நான் அந்த வேலைக்குப் போகவே இல்லையே' என்று எழுந்து சொல்ல எந்தத் திறனும் வளர்க்க வேண்டியிருக்கவில்லை. அங்கே தொடங்கியது 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வரை வந்தது. அரசாங்கத்தைப் பார்த்து 'கணக்கைக் காட்டு' என்று கோஷம் போட நாம் முதல் வரிசையில் நிற்கிறோம். நம் நிறுவனங்களைப் பார்த்து?

நாற்காலியில் உட்கார வைத்தால் அதிகாரம் வந்துவிடும் என்ற நம்பிக்கைக்கும் நாம் நிறைய அனுபவித்துவிட்டோம். 1996 உள்ளாட்சித் தேர்தலில் மேலவளவு தனித் தொகுதியில் ஜெயித்த முருகேசனை 1997 ஜூன் 30இல் வெட்டிக் கொன்றார்கள். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரான தலித் பெண்ணைத் தரையில் உட்கார வைத்த படம் வெளியே வந்தது. இவர்களிடம் எந்தத் திறன் குறைந்தது? பயிற்சி தேவைப்பட்டவர்கள் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை எந்த ஓட்டலுக்கும் யாரும் மூன்று நாள் கூட்டிக்கொண்டு போகவில்லை.

நிதி கொடுக்கிறவர்கள் இன்றும் போர்டுகளைப் பலப்படுத்தப் பணம் ஒதுக்குகிறார்கள். 2020இல் வெளிநாட்டு நிதிச் சட்டத்தைத் திருத்தி, நிர்வாகச் செலவின் வரம்பை 50 சதத்திலிருந்து 20 சதமாகக் குறைத்தார்கள். ஒரு நிறுவனம் இன்னொன்றுக்கு அந்தப் பணத்தைப் பகிர்ந்து கொடுப்பதையும் தடை செய்தார்கள். பெரிய நிறுவனங்கள் வழியாகக் கொஞ்சம் காசு பெற்றுவந்த சின்னச் சின்ன தலித் அமைப்புகளுக்கு வாசல் அடைபட்டது. இருக்கிற சொற்பத்தை எதற்குச் செலவழிப்பது என்பது முன்னைவிடக் கூர்மையான கேள்வி. என்னைக் கேட்டால் ஓட்டலுக்கு வேண்டாம் என்பேன். கூட்டத்துக்கு வரும் கூலிக்காரருக்கு அன்றைய கூலியைக் கொடுங்கள், அதற்கு வெட்கப்படாதீர்கள். கணக்கைத் தமிழில் எழுத ஒரு ஆளுக்குக் காசு கொடுங்கள். அதைக் கூட்டத்துக்குப் பத்து நாள் முன்னால் கொடுங்கள், பெரியம்மா பேத்தியை வைத்துப் படித்துக்கொள்வார். கூட்டத்தைக் காலனியில் வையுங்கள். கேள்வி கேட்டவரை நீக்கினால் நிதி நிற்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். இதற்கு மேல் பணம் மிஞ்சினால் டைரக்டருக்கும் பேராசிரியருக்கும் ஒரு பயிற்சி வைக்கலாம். கேள்வி வரும்போது சிரிக்காமல் இருப்பது எப்படி என்று.

மிச்சக் கதையைச் சொல்லிவிடுகிறேன். பாண்டிச்சேரியிலிருந்து வந்த பிறகு நடந்த கூட்டத்தில் பெரியம்மா மறுபடி கேட்டார். இந்த முறை 'வரவுல காட்டணுமில்ல சார்' என்று சேர்த்துக் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. அடுத்த வருஷம் பதிவாளருக்குப் போன பட்டியலில் அவர் பெயர் இல்லை. 'சொந்தக் காரணங்களால் உறுப்பினர் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்வதாக அளித்த கடிதம் ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று தீர்மானம். என் வீட்டுக்குப் புத்தகம் வந்தது. வாசித்தேன். எனக்கு இங்கிலீஷும் தெரியும், தமிழும் தெரியும், பயிற்சியும் பெற்றிருந்தேன். கையெழுத்துப் போட்டேன். 2009இல் நானும் விலகினேன். என் கடிதத்தை நானே எழுதினேன்.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தபோது பெரியம்மாவைப் பார்த்தேன். கண்ணில் புரை, ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கழிப்பறைகளில் பாதி இப்போது விறகு அடுக்கும் இடம். இப்படி எழுதப் போகிறேன் என்று சொன்னேன், என்ன எழுதினேன் என்றும் சொன்னேன். தீர்மான விஷயம் வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"நான் கடுதாசி குடுத்தன்னா எழுதியிருக்குது?"

"ஆமா பெரியம்மா."

"நான் எந்தக் கடுதாசியும் குடுக்கலயே தம்பி. இன்னா எழுதியிருக்குது அதுல? எடுத்தாந்து படிச்சுக் காட்டேன்."

அந்தக் கடிதத்தை நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அது எங்கே என்று நான் கேட்கவும் இல்லை.